ஐம்பது நிமிடம் பிந்தும் பூசை

உஷா பொய் சொல்லுகிறவள் இல்லை. இதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வரப்போவதெல்லாம் அவள் சொன்ன பொய்கள்.

ஐம்பத்திரண்டு வயது. நியூசிலாந்தில், ஓக்லாந்து நகரத்து எல்லர்ஸ்லியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில், காரை இடித்துவிட்டு அழுதுகொண்டு போன் எடுக்கிறவர்களுக்குப் பதில் சொல்லுகிற வேலை. வீடு பக்குரங்காவில். புருசன் குணரத்தினம் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறார். ஒரே மகள் பிரணவி தெற்கே டனீடன் நகரில் படிக்கிறாள். கடைக்காரர் தவறிப்போய் ஒரு கட்டுக் கீரை கூடப் போட்டுவிட்டால், காரைத் திருப்பிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருகிற மனுசி உஷா. அப்படிப்பட்டவளைப் பொய்க்காரி ஆக்கினது தண்ணீர்தான்.

வாசலிலேயே கடல் இருக்கிற வல்வெட்டித்துறையில் பிறந்தவள். நடக்கத் தொடங்கின வருசமே நீந்தவும் தொடங்கிவிட்டேன் என்பாள். அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நீந்துவாள், அதில் சந்தேகமில்லை. குணரத்தினம் கடலே இல்லாத வவுனியா ஆள். தண்ணீர் என்றால் அது வாளிக்குள் இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. இந்த இரண்டு பேரையும் சாதகம் பார்த்துத்தான் சேர்த்தார்கள். பத்தில் எட்டுப் பொருத்தம் இருந்ததாம். மிச்சம் இரண்டும் என்ன என்று யாரும் விசாரிக்கவில்லை.

கலியாணம் முடிந்து போய் இறங்கினது ரியாத்தில். குணரத்தினத்துக்கு அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. கிட்டின கடலே நானூறு கிலோமீற்றர். வெயில் நாற்பத்தெட்டுக்கு ஏறும். குழாயில் குளிர்ந்த தண்ணீர் என்று திறந்தால் தேத்தண்ணி போடலாம். போதாக்குறைக்கு, இவர்களுடைய மூன்றாம் மாடிக் குசினி ஜன்னலுக்கு நேர்கீழே ஒரு ஹோட்டலின் நீச்சல்குளம். நல்ல நீலத் தண்ணீர். ஆம்பிளைகள் மட்டும்தான் இறங்கலாம். இறங்கினவர்களில் பாதிப் பேருக்கு நீந்தத் தெரியாது, வயிற்றை மிதக்கவிட்டுக்கொண்டு நிற்பார்கள். உஷா வெங்காயம் வெட்டிக்கொண்டே மேலேயிருந்து அவர்களுக்குப் பிழை திருத்துவாள்: காலை அடியடா, தலையை இறக்கு, மூச்சை விடு. வெங்காயத்தால்தான் கண் கலங்குகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். மத்தியானங்களில் கட்டிலில் குப்புறப் படுத்துக் கையை வீசி நீந்திப் பார்ப்பாள். ஒருநாள் அந்தக் கை பக்கத்தில் படுத்திருந்த குணரத்தினத்தின் மூக்கில் பட்டு இரத்தம் வந்தது. கெட்ட கனவாக்கும் என்று அவர் மன்னித்துவிட்டார்.

ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒன்பது வீட்டுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தாங்கி இருந்தது. ஆளுயரம், மேலே வட்ட மூடி, பக்கத்தில் இரும்பு ஏணி. ஒரு பெப்ரவரி மாதம், குணரத்தினம் வேலைக்குப் போயிருந்த நேரம், துணி காயப்போடுகிற சாட்டில் உஷா மேலே போனாள். அங்குமிங்கும் பார்த்தாள். மூடியைத் திறந்தாள். போட்டிருந்த உடுப்போடு இறங்கினாள்.

உள்ளே இருட்டு. தண்ணீர் நெஞ்சளவு. கையை நீட்டினால் சுவர், காலை நீட்டினால் சுவர். செக்குமாடு மாதிரி வட்டமாகச் சுற்றத்தான் முடிந்தது. ஆனாலும் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிக் கண்ணைத் திறந்தபோது அவளுக்கு அழுகை வந்தது, சந்தோசத்தில். அந்தக் கிழமை நாலு தரம் இறங்கினாள். ஒன்பது குடும்பமும் அவள் குளித்த தண்ணீரில் பாத்திரம் கழுவின.

ஐந்தாம் நாள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. எங்கேயோ அடைப்பு என்றார்கள். இரண்டு நாள் ஒரு வீட்டிலும் சொட்டு இல்லை. மற்றப் பெண்களோடு சேர்ந்து உஷாவும் காவல்காரனை வாய்க்கு வந்தபடி பேசினாள். அதற்குப் பிறகு மூடிக்குப் பூட்டு விழுந்தது. அதே நாட்களில்தான் குணரத்தினம் வெள்ளிக்கிழமை காலைகளில் நண்பர் ஆனந்தராசாவின் அறைக்குச் சீட்டு விளையாடப் போகத் தொடங்கினார். மூன்று வெள்ளி போனார். சட்டை முழுக்க நனைந்து, குளோரின் மணத்தோடு திரும்பி வருவார். சீட்டு விளையாடினால் இப்படியும் வியர்க்குமா என்று உஷாவுக்கு ஒரு யோசனை வந்ததுதான். மடியில் கனம் இருந்தபடியால் அவள் கேட்கவில்லை.

ரியாத்தில் பதினொரு வருசம் போனது. ஆனந்தராசா முதலில் நியூசிலாந்து வந்தார், அவர் சொல்லி இவர்களும் விசா எடுத்து ஓக்லாந்து வந்து சேர்ந்தார்கள். பிளேன் பதியும்போது உஷா ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கமும் கடல், அந்தப் பக்கமும் கடல், நடுவில் பேருக்குக் கொஞ்சம் நிலம் வைத்திருந்தார்கள். இவ்வளவு நாள் பொறுத்ததுக்குக் கடவுள் வட்டியோடு தந்துவிட்டார் என்று நினைத்தாள்.

முதல் கோடையிலேயே அது கெட்டது. மேற்குக் கரையில், கறுத்த மணலும் முரட்டு அலையும் உள்ள ஒரு கடற்கரைக்குப் போனார்கள். உஷா அலைகளைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். குணரத்தினம் காற்சட்டையைக் கரண்டைக்காலுக்கு மேல் மடித்துவிட்டு ஓரமாக நின்றார். ஒரே ஒரு அலை வந்து அவரைப் புரட்டி, மூக்குக்கண்ணாடியையும் பறித்துக்கொண்டு போனது. பத்து நிமிடம் கழித்து உஷா கரைக்கு வந்தபோது, இரண்டு உயிர்காப்பாளர்களுக்கு நடுவே தலை நிறைய மணலோடு உட்கார்ந்திருந்தார். உஷா சிரித்துவிட்டாள். அதுதான் பிழை. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள், ஆனால் பிந்திவிட்டது.

இரண்டு நாள் அவர் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஐந்து வயதுப் பிரணவியைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, பிள்ளையின் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார். பிள்ளையின் தலை என்றால் எந்தத் தாய் வாதாடுவாள்? “இனி நான் தனியாக் கடலுக்குள்ள இறங்கமாட்டன்” என்றாள் உஷா. அவர் திருப்திப்பட்டுத் தேத்தண்ணி கேட்டார்.

இப்படிப் பதினைந்து வருசம். கிட்டின கடல் நானூறு கிலோமீற்றரில் இருந்தபோது பதினொன்று, பத்து நிமிடக் கார் ஓட்டத்தில் இருந்தபோது பதினைந்து. நீச்சல்குளம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். குணரத்தினமும் அதைத்தான் சொன்னார், அங்கத்துவமும் எடுத்துக் கொடுத்தார். உஷா போனாள். ஒவ்வொரு தரமும் சுவரைத் தொட்டுத் திரும்பும்போது ரியாத் தாங்கிதான் ஞாபகம் வந்தது. நாலு நாளோடு விட்டுவிட்டாள்.

போன நவம்பரில் இந்தக் கதையை உஷா தன் அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் ரஷ்மியிடம் சொன்னாள். ரஷ்மி தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பிள்ளை, முப்பத்திரண்டு வயது, பக்கத்து மேசை, வீடும் பக்குரங்காவில்தான். காப்புறுதிக் கம்பனியில் இருப்பவர்களுக்கு, எழுதின வாசகத்துக்குள் ஓட்டை தேடுவதுதானே சோறு. கதை முடிந்ததும் ரஷ்மி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“சத்தியத்துல என்ன வார்த்தை சொன்னீங்க அக்கா? அப்படியே சொல்லுங்க.”

உஷா சொன்னாள்.

“தனியான்னா சொன்னீங்க? அப்ப நான் கூட வந்து நிக்கிறேன். பாப்பா தலைக்கு ஒண்ணும் ஆகாது.”

ரஷ்மிக்கு நீந்தத் தெரியாது. முழங்கால் தண்ணீரில் துவாயோடு நிற்கிறது என்று ஒப்பந்தம். இதைக் குணரத்தினத்திடம் நேராகவே சொல்லலாமே என்று ரஷ்மி கேட்டதற்கு, ஓட்டையைக் காட்டினால் மனுசன் அன்றைக்கே அடைத்துவிடுவார் என்று உஷா சொல்லிவிட்டாள். அவரை எனக்கும் தெரியும். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஆகவே ஒரு சாட்டு வேண்டியிருந்தது. மார்கழியில் திருவாதிரையோடு முடிகிற பத்து நாளும் கோயிலில் விடியற்காலைப் பூசை நடக்கும். ஊரில் அது பனிக்காலம், பல்லுக் கிட்டும். இங்கே மார்கழி நடுக்கோடை, அலுவலகமும் பூட்டு. பெண்கள் விடிய எழும்பித் தலை தோய்ந்து கோயிலுக்குப் போவது ஊர் அறிந்த விசயம். ஈரத் தலையோடு வீடு திரும்பினால் ஒருத்தரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கடலுக்குப் போகிறவளுக்கு இதைவிட நல்ல சாட்டைக் கடவுளே வந்து எழுதிக் கொடுத்தாலும் கிடைக்காது.

ஒரே ஒரு சங்கடம். வீட்டுக்குக் கிட்ட இருக்கிற பக்லண்ட்ஸ் கடற்கரையில் நினைத்த நேரம் நீந்த முடியாது. வற்று நேரம் போனால் சேறுதான். கடல் பெருகி நிற்கிற நேரம் போகவேண்டும், அது ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் பிந்தும். முதல் ஆறு நாளும் பெருக்கு இருட்டில் வந்து போனபடியால், உஷா உண்மையாகவே கோயிலுக்குப் போய்க் கும்பிட்டாள். பொய்க்கு அத்திவாரம் பலமாக இருக்கவேண்டும் அல்லவா? ஏழாம் நாள் பெருக்கு ஐந்து இருபது. அன்றைக்குத்தான் கார் கோயில் பக்கம் திரும்பாமல் மற்றப் பக்கம் திரும்பியது.

கிழக்கு வெளித்துக்கொண்டு வந்தது. ரஷ்மி முழங்கால் தண்ணீரில் நின்று குளிரில் பல்லைக் கடித்தாள். உஷா முகத்தைத் தண்ணீரில் போட்டு ஒரு கை வீசினாள், மற்றக் கை வீசினாள், எங்கேயும் சுவர் வரவில்லை. இன்னும் வீசினாள். அப்போதும் வரவில்லை. மல்லாந்து மிதந்துகொண்டு தன்பாட்டுக்குச் சிரித்தாள். தூரத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு மிதவை ஆடிக்கொண்டிருந்தது. திருவாதிரை அன்றைக்கு அதைத் தொட்டுவிட்டுத்தான் விடுவேன் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தாள்.

வீட்டுக்குப் போகமுன் ரஷ்மி வீட்டில் ஒரு குளியல். பிறகு காரில் ஒளித்து வைத்திருந்த திருநீற்றை நெற்றியில் மூன்று விரலால் இழுத்துக்கொள்வாள். பிரசாதம் இல்லாமல் போக முடியாதே, அதற்கு ரஷ்மி தேங்காயும் மாங்காயும் போட்டுக் கடலைச் சுண்டல் செய்து கொடுத்தாள். குணரத்தினம் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இந்தமுறை கோயில் கடலை திறம், சமைக்கிற ஆள் மாறிவிட்டதோ என்று விசாரித்தார். நாளைக்குப் பூசை ஆறு பத்துக்கு என்று உஷா சொன்னாள். இன்றைக்கு ஐந்து இருபது, நாளைக்கு ஏன் ஆறு பத்து என்று கேட்டார். பஞ்சாங்கப்படி என்றாள். அவர் தலையை ஆட்டினார். ஒரு சொட்டு இரத்தத்தை மூன்று தரம் பார்க்காமல் நம்பாத மனுசன்தான். ஆனால் பஞ்சாங்கம் என்ற சொல்லுக்கு முன்னால் எங்கள் சனம் வாய் திறக்காது. முகூர்த்தம் விடிய நாலு இருபத்தேழு என்றால், ஏன் நாலரை ஆகக்கூடாது என்று யார் கேட்டிருக்கிறார்கள்?

எட்டாம் நாள் கடலில் கொஞ்சம் அதிகமாகவே நின்றுவிட்டாள். ரஷ்மி வீட்டுக் குளியலுக்கு நேரமில்லை. அவசரமாக வந்து, கொண்டுவந்த திருநீற்றைக் குணரத்தினத்தின் கையில் போட்டாள். அவர் நெற்றியில் பூசினார். வழக்கம்போல மிச்சத்தில் ஒரு துளியை நாக்கில் வைத்தார். பிறகு ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தார். அன்று பின்னேரம் சான்ட்ரிங்ஹாமுக்குப் போய் ஆனந்தராசாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். ஆனந்தராசாவுக்கு இங்கே வந்த நாளிலிருந்து மீன்பிடிப் பைத்தியம். அவர் வீட்டுக் கராஜ் முழுக்கத் தூண்டிலும் வலையும்தான்.

திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தவர், “நாளைக்கு ஏழு மணிக்கோ பூசை?” என்று கேட்டார்.

உஷா இன்னும் நேரம் சொல்லியிருக்கவில்லை. அவருடைய கோப்பையில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டாள்.

“ஓம். ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. சும்மா ஒரு கணக்குத்தான்.”

கள்ள மனம் துள்ளும் என்பது பொய்யில்லை. ஒன்பதாம் நாள் நீந்தும்போது உஷாவின் மனம் கடலில் இல்லை, மிதவைக்குப் பாதி வழியில் திரும்பிவிட்டாள். வீட்டுக்கு வந்தால் குணரத்தினம் வேட்டியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நாளைக்குத் திருவாதிரை அல்லவா, தானும் கோயிலுக்கு வருவதாகச் சொன்னார். ஏழு ஐம்பதுக்குத்தானே என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார்.

அந்த நாள் முழுக்க உஷா கணக்குப் போட்டாள். ஏழு ஐம்பதுக்குக் கோயிலில் என்ன இருக்கும்? அபிசேகம் விடியவே முடிந்து, ஐயர் வீட்டுக்குப் போயிருப்பார். எஞ்சி நிற்கிற நாலு பேரும், எங்கே உஷா, மூன்று நாளாகக் காணவில்லை என்று அவர் முன்னாலேயே கேட்பார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் இன்னொரு சத்தியம் கேட்பார், இந்தமுறை ஓட்டை இல்லாத சத்தியம், அதோடு கடல் சரி. ரஷ்மிக்குப் போன் பண்ணினாள். காய்ச்சல் என்று படுத்துவிடச் சொன்னாள் அந்தப் பிள்ளை. உஷா அதற்கும் சம்மதிக்கவில்லை, எதற்கும் கரைக்கு வந்து நிற்கச் சொல்லிவிட்டாள். மிதவை அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

விடிந்தது. குணரத்தினம் வேட்டி கட்டி, சால்வை போட்டு, ஒரு துணிப்பையோடு காரில் ஏறினார். உஷா ஓட்டினாள். பெரிய சந்தியில் சிவப்பு விளக்கு. வலப்பக்கம் போனால் கோயில், இடப்பக்கம் கடற்கரை. வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம் என்று அவள் மூச்செடுத்த நேரம் விளக்குப் பச்சையாகியது.

“இடப்பக்கம் திருப்பும்” என்றார் குணரத்தினம். “தண்ணி வத்தப் போகுது.”

பின்னால் வந்த கார்க்காரன் ஹோர்ன் அடிக்கும்வரை உஷா அசையவில்லை. பிறகு இடப்பக்கம் திருப்பினாள். கடற்கரையில் காரை நிறுத்தினதும்தான் அவர் விளக்கம் சொன்னார். திருநீறு உப்புக் கரித்ததாம். ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் பிந்துகிற பஞ்சாங்கம் ஆனந்தராசாவின் கராஜில், தூண்டில் கடைக்காரர் கொடுத்த கலண்டராகத் தொங்குகிறதாம்.

“இத்தனை நாளும் என்னைப் பேய்க்காட்டியிருக்கிறீர்” என்றார்.

உஷாவுக்குக் கோபம் வந்தது. பிடிபட்டவளுக்கு வருகிற கோபம். கோயிலில் இந்தப் பத்து நாளும் என்னத்தைப் பாடுகிறார்கள், விடிய எழும்பு, தண்ணீரில் இறங்கு என்றுதானே, பாடுகிறவர்கள் எல்லாரும் பாடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், நான் ஒருத்திதான் சொன்னதைச் செய்தேன் என்று ஒரே மூச்சில் கொட்டினாள். சத்தியத்தையும் மீறவில்லை, ரஷ்மி கூடத்தான் நின்றாள் என்றாள். கரையில் நின்ற ரஷ்மி, வேட்டியோடு ஒரு ஆள் இறங்குவதைக் கண்டு துவாயால் தலையை மூடிக்கொண்டாள்.

குணரத்தினம் துணிப்பையிலிருந்து ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்தார். அதன் இரண்டு நுனியையும் மூக்குக்கண்ணாடியில் மாட்டித் தலைக்குப் பின்னால் இறுக்கினார்.

“அண்டைக்குக் கண்ணாடி போனாப்பிறகு எனக்கு ஒண்டுமே தெரியேல்லை. பத்து நிமிசம். நீர் உயிரோட இருக்கிறீரோ இல்லையோ எண்டு தெரியாமல் நிண்டன். நீர் வந்து சிரிச்சனீர்.”

பதினைந்து வருசமாக, மனுசன் கடலுக்குத்தான் பயம், விழுந்த வெட்கத்தில்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டு இருந்தவள் உஷா. தன்மேல் அவளுக்கே வெறுப்பு வந்தது. அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, ரஷ்மியின் கையிலிருந்த துவாயை வாங்கி, நீர் கரையில் நில்லும் பிள்ளை என்று சொல்லிவிட்டு, முழங்கால் தண்ணீருக்குள் தானே இறங்கினார். ஒரு கை கண்ணாடிக் கயிற்றை விடவேயில்லை.

உஷா நீந்தினாள். நடுவில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். வெள்ளை வேட்டி அதே இடத்தில் நின்றது, கழுத்து மட்டும் அவளோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. மிதவையைத் தொட்டாள். பாசி பிடித்து வழுக்கியது. இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தொங்கினாள். பிறகு திரும்பி வந்தாள்.

துவாயைக் கொடுத்துவிட்டு, பிரசாதம் எங்கே என்று கேட்டார் குணரத்தினம். ரஷ்மி வெட்கத்தோடு சுண்டல் டப்பாவை நீட்டினாள். மூன்று பேரும் சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடிக்கிற நேரம் அவர் மெதுவாக, இதென்ன, இது பெரிய கடல், ஒருத்தர் வீட்டுக் குழாயும் அடைக்காது என்றார்.

உஷாவின் கை டப்பாவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

“ஏன் அப்பிடிச் சொல்லுறியள்?”

“ரியாத் தாங்கிக் குழாய்க்குள்ள என்ன கிடந்தது தெரியுமே? உம்மட சிவப்புத் தலைக் கிளிப். காவல்காரன் கொண்டுவந்து என்னட்டைக் காட்டினான். பொம்பிளை இறங்கினது எண்டு தெரிஞ்சால் அங்க விடுவாங்களே? நான்தான் இறங்கினனான் எண்டு சொன்னன். மூண்டு வெள்ளி தாங்கியைத் தேய்ச்சுக் கழுவ விட்டவங்கள்.”

“நீங்கள் சீட்டு விளையாடப் போனனீங்கள்.”

“ஓம். நீர் துணி காயப்போடப் போனனீர்.”

உஷாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்தமுறை சிரிக்கலாமா கூடாதா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கயிறு கட்டின கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிவப்புக் கிளிப்பை எப்படிச் சமாளித்தீர்கள் என்று ரஷ்மிதான் கேட்டாள்.

“இது உன்ரையோ எண்டு கேட்டான். ஓம் எண்டன். அதுக்குப் பிறகு அவன் எனக்கு சலாம் வைக்கிறேல்லை.”

மூன்று பேரும் எழுந்தார்கள். கடல் வற்றத் தொடங்கியிருந்தது. குணரத்தினம் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே கார் வரைக்கும் நடந்தார். கோயிலில் விடியற்காலைப் பூசை அன்றோடு முடிந்துவிட்டது, இனி அடுத்த மார்கழிக்குத்தான். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். காரில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு அவர் கேட்டார்.

“நாளைக்குப் பூசை எத்தினை மணிக்கு?”

“எட்டு நாப்பது” என்றாள் உஷா.